கைவிடப்பட்ட குதிரைக்காகச் சட்டத்தின் கதவைத் தட்டிய ஹென்றி பேர்க்

நியூயோர்க் மாநிலத்தின் விவசாய, சந்தைகள் சட்டத்தில் 355 என இலக்கமிடப்பட்ட ஒரு பிரிவு உண்டு. ஒரு மிருகத்தின் உரிமையாளரோ அதனைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவரோ அதனைக் கைவிட்டாலும், வீதியிலோ பொது இடத்திலோ சாகும்படி விட்டுச் சென்றாலும் அது குற்றம் என அப்பிரிவு கூறுகின்றது. இயலாமற்போன மிருகம் வீதியில் கிடப்பதாக உரிமையாளருக்கு அறிவிக்கப்பட்ட பின்னரும் மூன்று மணித்தியாலங்களுக்கு மேல் அதனை அவ்வாறே கிடக்கவிட்டால் அதுவும் குற்றமே. ஓராண்டு வரையான சிறையும் ஆயிரம் டொலர் வரையான தண்டமும் இதற்கு விதிக்கப்பட்டுள்ளன. மோட்டார் வாகனங்கள் நிறைந்த இன்றைய நியூயோர்க் வீதிகளை நினைத்துக்கொண்டு இப்பிரிவை வாசிப்பவருக்கு இந்த மூன்று மணித்தியாலக் கணக்கு எங்கிருந்து வந்தது என்ற வியப்பு ஏற்படக்கூடும். அது 1866 ஆம் ஆண்டில், அந்நகரத்தைக் குதிரைகள் இழுத்துச் சென்ற காலத்தில் பிறந்த கணக்காகும். அதற்குப் பின்னால் நின்றவர் ஹென்றி பேர்க்.

பேர்க்கின் இளமைக் காலத்தை நோக்கும்போது அவரிடமிருந்து இத்தகைய ஒரு பணியை எவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். 1813 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் நியூயோர்க் நகரில் அவர் பிறந்தார். தந்தையார் கிறிஸ்ரியன் பேர்க் பெயர் பெற்ற கப்பல் கட்டுநர். மகன் கொலம்பியா கல்லூரியில் சேர்ந்து படிப்பை முடிக்காமலேயே வெளியேறினார். 1839 இல் திருமணம். 1843 இல் தந்தையார் மறைந்ததை அடுத்துப் பெருஞ்செல்வம் கைக்கு வந்தது. அதன் பின்னர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மனைவியுடன் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்ப்பதிலும், எவரும் பெரிதாகப் பொருட்படுத்தாத நாடகங்களையும் கவிதைகளையும் எழுதுவதிலும் கழிந்தன. ஸ்பெயினில் காளைச் சண்டையொன்றைப் பார்த்து அருவருப்படைந்தார் என்பதைத் தவிர, அந்த இருபது ஆண்டுகளில் நாம் குறித்துவைக்க வேண்டியவை அதிகமில்லை. நாய் பூனைகளைச் சீராட்டி வளர்க்கும் இயல்பும் அவரிடம் இருக்கவில்லை என்றே அவரை அறிந்தவர்கள் பதிவு செய்துள்ளனர். இதனை நாம் முக்கியமாகக் கருதுகின்றோம். அவரை இயக்கியது மிருகங்கள் மீதான செல்லமன்று; நியாயம் பற்றிய ஒரு பிடிவாதமே.

1863 இல் ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் அவரை ரஷ்யாவின் தலைநகரான சென் பீற்றர்ஸ்பேர்க்கில் இருந்த அமெரிக்கத் தூதரகத்தின் செயலாளராக நியமித்தார். அங்கே ஒருநாள் தெருவில் வண்டிக்காரன் ஒருவன் குதிரையை அடித்துத் துன்புறுத்துவதைக் கண்டு தமது வண்டியை நிறுத்தித் தடுத்தார். அவரது சீருடையிலிருந்த பொற்சரிகையைக் கண்ட வண்டிக்காரன் அடங்கிப் போனான். சீருடையின் அதிகாரத்தால் ஒரு குதிரையின் வலியை நிறுத்த முடிந்தது என்ற இந்த அனுபவம் பேர்க்கின் மனதில் ஆழப் பதிந்தது. அன்பைப் போதித்திருந்தால் அந்த மனிதன் கேட்டிருக்க மாட்டான். அதிகாரத்தைக் கண்டதும் கேட்டான். அவரது பிற்கால வாழ்வு முழுவதும் அந்தப் பொற்சரிகைக்கு ஈடான ஒன்றைச் சட்டத்திலே தேடிய முயற்சி என்றே கொள்ளலாம்.

காலநிலை ஒவ்வாமையால் 1864 இல் பதவி துறந்த அவர், நாடு திரும்பும் வழியில் லண்டனில் தங்கினார். அங்கு 1822 ஆம் ஆண்டிலேயே ரிச்சர்ட் மார்ட்டின் என்ற பாராளுமன்ற உறுப்பினரின் முயற்சியால் கால்நடைகளை வதைப்பதற்கு எதிரான சட்டம் நிறைவேறியிருந்தது. 1824 இல் மிருகவதைத் தடுப்புச் சங்கமும் உருவாகியிருந்தது. அச்சங்கத்தின் தலைவராக இருந்த ஹரோபி பிரபுவைச் சந்தித்து, சங்கம் இயங்கும் விதத்தைக் கேட்டறிந்துகொண்டார். நாடு திரும்பியபோது அவரது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. பெரும்பாலானோர் ஓய்வைப் பற்றிச் சிந்திக்கும் அந்த வயதில்தான் அவரது வாழ்க்கை தொடங்குகின்றது.

அன்றைய நியூயோர்க்கைக் கற்பனை செய்து பார்ப்பது அவசியம். மக்கள் பயணம் செய்த ட்ராம் வண்டிகள், பாலும் நிலக்கரியும் ஏற்றிய வண்டிகள், தீயணைப்பு இயந்திரங்கள் யாவற்றையும் குதிரைகளே இழுத்தன. தண்டவாளத்தில் ஓடும் ட்ராம் வண்டியொன்றை இழுக்கும் குதிரை நான்கைந்து ஆண்டுகளில் தேய்ந்து போய்விடும். அதன் பின்னர் அது சில டொலர்களுக்குக் கைமாறும். பழைய துணி பொறுக்குபவனிடமோ சாம்பல் வண்டிக்காரனிடமோ சென்று சேரும். அங்கும் இயலாத நாள் வந்ததும் வாரை அவிழ்த்துத் தெருவில் விட்டுவிடுவார்கள். விழுந்த இடத்திலேயே அது கிடக்கும். 1880 ஆம் ஆண்டில் மாத்திரம் நியூயோர்க் வீதிகளிலிருந்து சுமார் 15,000 குதிரைகளின் உடல்கள் அகற்றப்பட்டதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. அவை ஜமெய்க்கா விரிகுடாவிலுள்ள பரன் தீவுக்குக் கொண்டு செல்லப்பட்டு உரமாகவும் பசையாகவும் மாறின.

சட்டம் அறவே இருக்கவில்லை என்பதற்கில்லை. 1829 ஆம் ஆண்டிலேயே நியூயோர்க் மாநிலத்தில் குதிரைகளையும் மாடுகளையும் கொடூரமாக அடிப்பது குற்றமாக்கப்பட்டிருந்தது. ஆனால், அதனைக் கையிலெடுத்து நீதிமன்றம் செல்வதற்கு எவரும் இருக்கவில்லை. அதனிலும் மேலாக, கைவிடுதல் பற்றி அச்சட்டம் எதுவும் கூறவில்லை. இதற்கான காரணத்தைச் சற்று ஊன்றிப் பார்த்தல் வேண்டும். குதிரை ஓர் உடைமை. உடைமை வேண்டாமென்று ஒருவன் தீர்மானித்தால் அதனை விட்டெறிவதற்கு அவனுக்கு உரிமையுண்டு. உடைந்த நாற்காலியை வாசலில் போட்டவனிடம் எவரும் கேள்வி கேட்பதில்லை. குதிரையையும் அவ்வாறே போட்டுவிட்டுப் போகலாம் என்பதே நடைமுறையாயிருந்தது. அடிப்பவன் கண்ணுக்குத் தெரிந்தான். கைவிட்டவன் ஏற்கனவே அந்த இடத்தை விட்டுப் போய்விட்டிருந்தான்.

1866 பெப்ரவரி 8 ஆம் திகதி இரவு கிளின்ரன் மண்டபத்தில் பேர்க் ஒரு கூட்டத்தைக் கூட்டினார். மோசமான காலநிலையையும் பொருட்படுத்தாது பிரமுகர்கள் பலர் வந்திருந்தனர். ஏப்ரல் 10 ஆம் திகதி அல்பனியிலுள்ள மாநிலச் சட்டசபை அமெரிக்க மிருகவதைத் தடுப்புச் சங்கத்துக்கு அங்கீகாரம் வழங்கியது. பேர்க் அதன் முதலாவது தலைவரானார். இறக்கும் வரை தலைவராகவே இருந்தார். சம்பளம் எதுவும் பெறவில்லை. அதே மாதத்தில் வதைத் தடுப்புச் சட்டம் புதுப்பிக்கப்பட்டது. வயது முதிர்ந்த, முடமான, நோயுற்ற குதிரையையோ கோவேறு கழுதையையோ நகர வீதியில் அவிழ்த்து விட்டு, அதன் நிலை தெரிந்த பின்னரும் மூன்று மணித்தியாலங்களுக்கு மேல் கிடக்கவிடும் உரிமையாளர், சாரதி, பொறுப்பாளர் எவரும் குற்றவாளியாவர் என்ற விதி அப்போதுதான் சேர்ந்தது. அடுத்த ஆண்டின் சட்டம் மேலும் விரிவானது. உயிருள்ள எந்தப் பிராணியும் அதன் பாதுகாப்புக்குள் வந்தது. நோயுற்ற பிராணியைப் பொது இடத்தில் சாகும்படி விட்டுச் செல்வது குற்றமாக்கப்பட்டதுடன், சங்கத்தின் முகவர்களுக்குக் கைது செய்யும் அதிகாரமும் கிடைத்தது.

இச்சட்டத்தின் புதுமையை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. அடிக்காதே என்று கூறும் சட்டம் ஒருவனைச் சும்மா இருக்கச் சொல்கின்றது. கைவிடாதே என்று கூறும் சட்டமோ அவனை ஒன்றைச் செய்யச் சொல்கின்றது. திரும்பி வா, வண்டி கொண்டு வா, வைத்தியம் பார் அல்லது வேதனையை முடித்துவை என்று கட்டளையிடுகின்றது. உழைப்பைப் பெற்றுக்கொண்டவனின் கடமை உழைப்பு தீர்ந்ததும் முடிந்துவிடுவதில்லை என்ற கொள்கையே அந்த மூன்று மணித்தியால விதிக்குள் அடங்கியிருந்தது.

அறநெறி என்ற வகையில் இது உலகுக்குப் புதிதன்று. பூனையைக் கட்டி வைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணுக்கு நேர்ந்த கதி பற்றிய ஹதீஸை எமது முஸ்லிம் வாசகர்கள் அறிவர். கன்றை இழந்த பசு எல்லாள மன்னனின் ஆராய்ச்சி மணியை அசைத்த கதையைக் கேளாது வளர்ந்தவர்கள் எம்மிடையே குறைவு. இத்தாலியிலும் இதனையொத்த ஒரு பழங்கதை உண்டு. அத்ரி என்ற ஊரின் நீதி மணிக்குக் கட்டியிருந்த கயிறு தேய்ந்துபோக, அதில் ஒரு கொடியை முடிந்து வைத்திருந்தார்கள். வயோதிபக் குதிரையைக் கஞ்சத்தனத்தால் துரத்திவிட்ட வீரன் ஒருவன் அவ்வூரில் இருந்தான். பசியால் அலைந்த அக்குதிரை அந்தக் கொடியைக் கடித்து இழுத்ததில் மணி ஒலித்தது, நீதியும் கிடைத்தது. அமெரிக்கக் கவிஞர் லோங்ஃபெலோ இக்கதையைக் கவிதையாக்கி 1870 இல் வெளியிட்டார். பேர்க் நியூயோர்க் நீதிமன்றங்களில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த அதே காலம் அது. ஆயினும், நியூயோர்க் தெருவில் தொங்கும் கயிறு எதுவும் இருக்கவில்லை. யாராவது ஒருவர் குதிரையின் சார்பில் போய் நிற்க வேண்டியிருந்தது.

அவர் நின்றார். உயர்ந்த தொப்பியும் நீண்ட மேலங்கியும் அணிந்து, கையில் தடியுடன், மெலிந்து உயர்ந்த அவரது உருவம் நகரின் சந்திகளில் அன்றாடக் காட்சியாயிற்று. சட்டம் நிறைவேறிய அன்றே, குதிரையை அடித்த வண்டிக்காரன் ஒருவனை அவர் தடுத்து அது சட்டவிரோதம் என்று விளக்க, அவன் அவரைப் பைத்தியம் என்று எண்ணிச் சிரித்ததாகக் கூறப்படுகின்றது. பயணிகளை அளவுக்கு மிஞ்சி ஏற்றிய ட்ராம் வண்டிகளை நடுவீதியில் மறித்து ஆட்களை இறக்கினார். அலுவலகம் செல்லும் அவசரத்தில் இருந்தவர்கள் அவரைச் சபித்தனர். கன்றுகளின் கால்களைக் கட்டி வண்டியில் அடுக்கிச் சென்ற இறைச்சிக் கடைக்காரர்களை நீதிமன்றில் நிறுத்தினார். தோல்விகளும் உண்டு. செட்டைகளைத் துளைத்துக் கயிறு கோத்து, மல்லாக்கக் கிடத்திப் புளோரிடாவிலிருந்து ஆமைகளை ஏற்றி வந்த கப்பற் தலைவன் மீது 1866 இல் அவர் வழக்குத் தொடுத்தார். நீதிபதி அவனை விடுவித்தார். ஆமை ஒரு மிருகமா என்ற விவாதம் நகருக்குப் பெரிய வேடிக்கையாயிற்று. நியூயோர்க் ஹெரால்ட் பத்திரிகை அவரை நீண்ட நையாண்டிக் கட்டுரைகளால் தாக்கியது. அந்தக் கேலிதான் அவரது பெயரையும் சங்கத்தின் பெயரையும் நாடெங்கும் கொண்டு சென்றது என்பதைப் பத்திரிகைத் தொழிலில் இருக்கும் நாம் சிறிது புன்னகையுடனேயே குறிப்பிட வேண்டியிருக்கின்றது.

சட்டம் மாத்திரம் போதாது என்பதையும் அவர் விரைவிலேயே உணர்ந்துகொண்டார். விழுந்து கிடக்கும் குதிரையை மூன்று மணித்தியாலத்தில் அகற்று என்று உத்தரவிட்டால், அதனை அகற்றும் வழியும் இருத்தல் வேண்டுமல்லவா? ஏழை வண்டிக்காரனிடம் அதற்கான வசதி ஏது? 1867 இல் சங்கம் காயமடைந்த குதிரைகளுக்கென ஓர் அம்புலன்ஸ் வண்டியை இயக்கத் தொடங்கியது. அந்நகரின் பெல்வியூ வைத்தியசாலை மனிதர்களுக்கான அம்புலன்ஸ் சேவையை ஆரம்பித்தது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1869 இல் என்பது குறிப்பிடத்தக்கது. குழிகளில் விழுந்த குதிரைகளைத் தூக்கியெடுப்பதற்கான கித்தான் பட்டிகளும் பின்னர் உருவாக்கப்பட்டன.

1872 ஒக்டோபரில் வந்த சோதனை இவற்றையெல்லாம் விடப் பெரியது. கனடாவின் டொரன்டோப் பகுதியில் தோன்றிய குதிரைக் காய்ச்சல் அம்மாத இறுதிக்குள் நியூயோர்க்கைப் பற்றிக்கொண்டது. ஆயிரக்கணக்கான குதிரைகள் இருமிக்கொண்டு தலை கவிழ்ந்து நின்றன. நகரம் ஸ்தம்பித்தது. பொதிகள் துறைமுகத்தில் தேங்கின. மனிதர்களே வண்டிகளை இழுத்தனர். எங்கிருந்தோ எருதுகள் கொண்டுவரப்பட்டன. நவம்பர் 9 ஆம் திகதி பொஸ்ரன் நகரில் பெருந்தீ மூண்டபோது அங்கும் குதிரைகள் நோயுற்றிருந்தமையால் தீயணைப்பு இயந்திரங்களை வீரர்களே இழுத்துச் செல்ல நேர்ந்தது. இந்நிலையிலும் நோயுற்ற குதிரைகளை ட்ராம் நிறுவனங்கள் வண்டியில் பூட்ட முனைந்தபோது, பேர்க் வீதியில் இறங்கி அவற்றை அவிழ்க்க வைத்தார். ஒரு மாநகரின் போக்குவரத்தைத் தனி மனிதன் மறிப்பதா என்று பத்திரிகைகள் கொதித்தன. குதிரையால் இயலாதபோது நகரமும் இயலாமற் போகும் என்ற உண்மையை அந்தச் சில வாரங்களில் நியூயோர்க் தன் தோளிலேயே சுமந்து அறிந்தது.

அவரது குறைகளை மறைப்பது எமது நோக்கமன்று. நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஏழைச் சாரதிகளும் குடியேறிகளுமே. வண்டியில் எத்தனை பேரை ஏற்றுவது, எத்தனை மணித்தியாலம் ஓட்டுவது என்பனவற்றைத் தீர்மானித்தவர்கள் நிறுவன உரிமையாளர்கள். கைது செய்யப்பட்டவனோ அவர்களது கூலி. பேர்க் நிறுவனங்களுடனும் மோதினார் என்பது உண்மைதான். ஆயினும், சட்டத்தின் சுமை அடியிலிருந்தவன் மீதே அதிகம் விழுந்தது. தேய்ந்த குதிரையை ஏழையிடம் விற்றுக் கைகழுவிய செல்வந்தனைச் சட்டத்தால் தொட முடியவில்லை. விற்பனை ரசீது ஒன்று இருந்தால் கைவிடுதல் வியாபாரமாகிவிடும். கைவிடப்பட்ட குதிரைகளுக்குக் கிடைத்த விடுதலையும் பெரும்பாலும் ஒரு துப்பாக்கிக் குண்டுதான் என்பதையும் ஒளிக்க வேண்டியதில்லை. நாட்கணக்கில் தெருவில் துடிப்பதை விட அது மேல் என்று அவர் கருதினார். மேலான வேறொரு வழி அந்நாளில் இருந்ததாகவும் எமக்குத் தோன்றவில்லை. குற்றவாளிகளுக்குக் கசையடி வழங்க வேண்டும் என்று அவர் வாதிட்டதையும், அம்மை குத்துவதை எதிர்த்ததையும் நாம் ஏற்றுக்கொள்ள முடியாது.

அவரைப் பற்றி அதிகம் பேசப்படும் சம்பவம் மிருகத்தைப் பற்றியதன்று. 1874 இல் மேரி எலன் என்ற சிறுமி, வளர்ப்புத் தாயிடம் அடியும் சூடும் பட்டு வாழ்வதை அறிந்த எற்றா வீலர் என்ற சமூக சேவகி, எங்கும் உதவி கிடைக்காது பேர்க்கிடம் வந்தார். சிறுமியும் ஒரு மிருகமே என்று வாதாடி அவர் வழக்கில் வென்றதாக ஒரு கதை இன்றும் உலவுகின்றது. அது உண்மையன்று. பேர்க் ஒரு தனிமனிதராகவே தலையிட்டார். சங்கத்தின் சட்டத்தரணி எல்பிரிட்ஜ் ஜெரி பொதுச் சட்டத்தின் வழியிலேயே சிறுமியை நீதிமன்றுக்குக் கொண்டுவந்தார். வளர்ப்புத் தாய்க்கு ஓராண்டுச் சிறை கிடைத்தது. அதனைத் தொடர்ந்து சிறுவர் வதைத் தடுப்புச் சங்கம் உருவாயிற்று. மேரி எலன் குடும்பப் பெண்ணாக வாழ்ந்து 1956 இல் மறைந்தார். குதிரைகளுக்கு ஒரு சங்கம் இருக்கும்போது குழந்தைக்கு இல்லையே என்ற வெட்கம் அந்நகருக்கு எவ்வழியாக வந்தது என்பதைக் கவனித்தல் வேண்டும். குதிரைக்குச் சங்கம் அமைத்தவரின் கதவைத் தட்டியதனால்தான் அது வந்தது.

மன்னார் நகர வீதிகளில் அலையும் கழுதைகளைக் கண்டவர்கள் இக்கதையை அமெரிக்காவுக்கு மாத்திரம் உரியது என்று ஒதுக்கிவிட மாட்டார்கள். ஒரு காலத்தில் பொதி சுமந்த பிராணிகளின் வழிவந்தவை அவை. லொறிகள் வந்தன, கழுதைகளுக்குச் சொந்தக்காரர்கள் இல்லாமற் போயினர். எமது நாட்டில் மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் 1907 ஆம் ஆண்டு ஆங்கிலேயர் இயற்றியது. அதன் கீழ் விதிக்கப்பட்ட நூறு ரூபா தண்டம் அன்று பெருந்தொகை. பின்னர் ஒருவேளைச் சாப்பாட்டுக்கும் போதாததாயிற்று. புதிய சட்டமூலமொன்று 2006 இல் சட்ட ஆணைக்குழுவினால் வரையப்பட்டு, பல பாராளுமன்றங்களின் வாசலில் காத்துக் கிடந்த வரலாறு வாசகர்கள் அறிந்ததே. பேர்க் 1866 இல் பெப்ரவரியில் கூட்டம் கூட்டி ஏப்ரலில் சட்டத்தைப் பெற்றார்.

முதுமையில் பேர்க்கின் எதிரிகள் பலர் நண்பர்களாகியிருந்தனர். உயிருள்ள முயல்களைப் பாம்புகளுக்கு இரையாகக் கொடுத்ததற்காக அவருடன் கடுமையாக மோதிய காட்சிசாலை அதிபர் பி.ரி. பார்னம் அவர்களுள் ஒருவர். பிற்காலத்தில் அவர் பேர்க்கின் நினைவுச் சின்னத்துக்கெனத் தமது மரண சாசனத்தில் பணம் ஒதுக்கினார். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்கள் பேர்க்கின் காலத்திலேயே நியூயோர்க்கின் வழியில் மிருகவதைச் சட்டங்களை இயற்றிவிட்டன.

1888 மார்ச் 12 ஆம் திகதி அதிகாலை தமது 74 ஆவது வயதில் ஹென்றி பேர்க் காலமானார். அன்றுதான் நியூயோர்க் அதுவரை கண்டிராத பெரும் பனிப்புயல் நகரை மூடியது. தந்திக் கம்பிகள் அறுந்து வீழ்ந்தன, புகையிரதங்கள் நின்றன, வீதிகளில் ஆள் உயரத்துக்கும் மேலாகப் பனி குவிந்தது. அவரது மரணச் செய்தி நகரெங்கும் பரவுவதற்கே நேரமெடுத்தது. அவரது உடல் பின்னர் புரூக்ளினிலுள்ள கிறீன்வூட் மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டது. புயலடித்த அந்தத் திங்கட்கிழமை ட்ராம் வண்டிகள் பனியில் புதைந்து, நின்ற நின்ற இடங்களிலேயே விடப்பட்டன. பல இடங்களில் சாரதிகள் குதிரைகளை அவிழ்த்து, கையில் பிடித்து, லாயங்களை நோக்கி நடத்திச் சென்றனர்.